தண்ணீரில் பாதி எடை, பாதரசத்தைவிட நல்ல கடத்தி

சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் அமோனியா யாருக்கும் புதிதல்ல. மாட்டுக் கொட்டிலில் மூக்கைத் துளைக்கும் வாடை அதுதான். பால் ஆலையின் கம்ப்ரசர் ரூமில் இரும்புக் குழாய்க்குள் சுற்றி வருவதும் அதுதான். கறந்த பால் கேனில் வந்து இறங்கியதும் அதை நான்கு டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். பெரிய ஆலைகளில் அந்த வேலைக்கு அமோனியாவை மிஞ்ச ஆளில்லை. ஒரு கிலோ திரவ அமோனியா ஆவியாகும்போது சுமார் 1,370 கிலோஜூல் வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். விலையும் மலிவு. ஆனால் கசிந்தால் கண் எரியும், மூச்சு அடைக்கும். பழைய ஆபரேட்டர்கள் கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் மூட்டுகளில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போவார்கள். எங்கே திடீரென்று வெள்ளைப் புகை திரள்கிறதோ அங்கே கசிவு. மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொள்வதும் உண்டு. அமோனியாவுக்குத் தண்ணீர் என்றால் அத்தனை ஆசை, துண்டிலேயே கரைந்து நின்றுவிடும். இந்த எச்சரிக்கைகளையெல்லாம் மீறியும் விபத்து நடக்கிறது. 2020 ஆகஸ்டில் பூதலப்பட்டு மண்டலத்தில் ஒரு பால் ஆலையில் அமோனியா கசிந்து, வேலையில் இருந்த பெண்கள் பலர் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள்.

பூதலப்பட்டிலிருந்து சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு வந்தால், நம் கதையின் இன்னொரு பாத்திரம் அங்கே இருக்கிறது. ஈய பேட்டரிக்குப் பேர்போன அமர ராஜா நிறுவனம், லித்தியம் அயன் செல் ஆய்வுக்கென்று 2021-இல் திருப்பதியில் ஒரு மையத்தைத் தொடங்கியது. சென்னையின் முனோத் நிறுவனம் திருப்பதியில் கட்டிய லித்தியம் செல் ஆலையில் 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தி நடந்தது. செல்போன், பவர் பேங்க் போன்றவற்றுக்கான 10 ஆம்பியர்-மணி செல்கள் அவை. ஒரு செல் 10 ஆம்பியர்-மணி மின்னூட்டம் தர வேண்டுமானால் அதற்குள் குறைந்தது 2.6 கிராம் லித்தியம் இங்குமங்கும் நகர்ந்தாக வேண்டும். ஒரு லித்தியம் அணு ஓர் எலக்ட்ரானைத்தான் கொடுக்கும் என்பதால் கணக்கு அவ்வளவு நேரானது.

செல்லுக்குள் இந்த லித்தியம் உலோகமாக இருப்பதில்லை. எலக்ட்ரானை இழந்த அயனியாக ஆக்சைடு அடுக்குகளிலும் கிராஃபைட் அடுக்குகளிலும் மாறி மாறிக் குடியிருக்கிறது. ஆகவே இனி வருவது காகிதத்தில் போடும் கணக்கு மட்டுமே. திருப்பதியின் 2.6 கிராமைத் தூய உலோக லித்தியமாக எடுத்துக்கொள்வோம். சித்தூரின் அமோனியாவிலிருந்து 25.5 கிராமைத் திரவமாக, மைனஸ் 33 டிகிரியில் எடுத்துக்கொள்வோம். ஒரு லித்தியம் அணுவுக்குச் சரியாக நான்கு அமோனியா மூலக்கூறு என்ற விகிதம் இது. காற்றும் ஈரமும் இல்லாத இடத்தில் இரண்டையும் சேர்த்தால் என்ன கிடைக்கும்?

பொன்னிறமும் வெண்கல நிறமும் கலந்து மின்னும் ஒரு திரவம். கண்ணாடிப் பாத்திரத்தில் உருக்கிய உலோகம் போலவே பளபளக்கும், ஆடும், வழியும். பார்ப்பதற்கு மட்டுமல்ல, மின்சாரத்தைக் கடத்துவதிலும் அது உலோகம்தான். பாதரசத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நன்றாகக் கடத்துகிறது.

இப்போது அளவைப் பாருங்கள். 2.6 கிராம் லித்தியம் ஐந்து கன சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான இடத்தைப் பிடிக்கும். அமோனியா 37 அல்லது 38. இரண்டும் சேர்ந்து 42 கன சென்டிமீட்டர் வர வேண்டும். வருவதோ 57! எடை கூடவில்லை, இடம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதனால் இந்தத் திரவத்தின் அடர்த்தி 0.49, தண்ணீரில் பாதிகூட இல்லை. லித்தியத்தின் அடர்த்தி 0.53, திரவ அமோனியாவின் அடர்த்தி 0.68. பெற்றோர் இருவரையும்விடப் பிள்ளை லேசு. சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும் பொருள்களில் மிக லேசானவற்றில் இது ஒன்று.

பள்ளிப் பாடத்தில் உலோகம் என்றால் கனமானது, கெட்டியானது, தட்டினால் தகடாகும், இழுத்தால் கம்பியாகும் என்று படித்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் பாதியை இந்தத் திரவம் கிழித்துப் போடுகிறது. இதில் எடைக்கணக்குப்படி பத்தில் ஒன்பது பங்கு அமோனியா, அதாவது சுத்தமான மின்கடத்தாப் பொருள். அப்படியிருந்தும் மொத்தமும் உலோகமாக நடந்துகொள்கிறது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதைத்தான்: உலோகம் என்பது தனிமங்களின் சாதிப் பிரிவு அல்ல, எலக்ட்ரான்கள் வாழும் ஒரு நிலை. லித்தியமும் அமோனியாவும் சேர்ந்த இந்தச் சேர்மம் அளவுக்கு அதைக் கண்ணெதிரே காட்டும் பொருள் குறைவு.

இதன் முதல் அடையாளத்தைக் கண்டவர் ஹம்ஃப்ரி டேவி. பொட்டாசியத்தை அவர் பிரித்தெடுத்தது 1807-இல். அடுத்த ஆண்டே அதை உலர்ந்த அமோனியா வாயுவில் வைத்துப் பார்த்து, நீல நிறமும் உலோகப் பளபளப்பும் தோன்றியதைத் தன் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அச்சில் வெளியிடவில்லை. 1864-இல் வெய்ல் என்ற ஜெர்மானியர் அதே நீலத்தையும் வெண்கல நிறத்தையும் மறுபடி கண்டுபிடித்து அறிவித்தார். உலோகமும் அமோனியாவும் சேர்ந்து ஒரு புதிய சேர்மம் ஆகிவிட்டது என்பது அவர் கருத்து. பின்னால் வந்தவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். லித்தியத்தைப் பொறுத்தவரை வெய்ல் அவ்வளவு தவறாகச் சொல்லிவிடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1897-இல் அமெரிக்காவில் கேடி என்பவர் இந்தக் கரைசல்கள் மின்சாரத்தைக் கடத்துவதை அளந்தார். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ந்தால் மின்முனைகளில் ஏதாவது படியும், குமிழி வரும். இங்கே எதுவும் வரவில்லை. 1908 வாக்கில் சார்லஸ் கிராஸ் அதன் காரணத்தைச் சொன்னார்: கரைசலில் எதிர்மின்னைச் சுமந்து திரிவது எந்த அயனியும் அல்ல, வெறும் எலக்ட்ரான். அணு எதிலும் ஒட்டாத எலக்ட்ரான், அமோனியா மூலக்கூறுகள் சூழத் தனியே உலவுகிறது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதை ஒரு புட்டியில் கரைத்து வைக்கலாம் என்று சொன்னால் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

கொஞ்சம் லித்தியம் போட்டால் கிடைக்கும் நீலத்திலிருந்து தொடங்குவோம். அமோனியாவில் விழுந்ததும் லித்தியம் தன் வெளி எலக்ட்ரானைக் கைவிடுகிறது. அந்த எலக்ட்ரான் சுற்றியிருக்கும் அமோனியா மூலக்கூறுகளைத் தள்ளி, சுமார் மூன்று ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள ஒரு குழியை உண்டாக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்துவிடுகிறது. ஆங்ஸ்ட்ராம் என்றால் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. பருமன் கூடியதற்கு ஒரு காரணம் இந்தக் குழி. நீலத்துக்கும் காரணம் இதுவே: குழியில் இருக்கும் எலக்ட்ரான் அகச்சிவப்பு ஒளியை விழுங்குகிறது, அந்த விழுங்கல் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு வரை நீள்கிறது, மிச்சம் நீலமாகத் தெரிகிறது. லித்தியத்துக்குப் பதில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் எதைப் போட்டாலும் அதே நீலம்தான். நிறம் எலக்ட்ரானுடையது, உலோகத்துடையது அல்ல.

லித்தியத்தைக் கூட்டிக்கொண்டே போனால், நூறு மூலக்கூறில் நான்கு லித்தியம் என்ற அளவை ஒட்டி எல்லாம் தலைகீழாகிறது. நீலம் போய் வெண்கலம் வருகிறது, கடத்துதிறன் நூற்றுக்கணக்கான மடங்கு எகிறுகிறது. திருமலையில் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் பக்தர்கள் கம்பார்ட்மென்ட் கம்பார்ட்மென்டாக அடைபட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீலக் கரைசலில் எலக்ட்ரான்களின் நிலை அதுதான். அங்கே கதவைத் திறக்க ஆள் வர வேண்டும். இங்கேயோ கூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் சுவர்களே கரைந்துவிடுகின்றன. ஓர் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பை மற்ற எலக்ட்ரான்கள் நடுவில் நின்று மறைக்கின்றன. அந்த மறைப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் யாரையும் யாரும் பிடித்து வைக்க முடியாது, எல்லாரும் ஒரே நேரத்தில் விடுதலை. இப்படி ஒரு திடீர் மாற்றம் இருந்தே ஆக வேண்டும் என்று 1949-இல் நெவில் மாட் வாதிட்டார். பின்னாளில் அவருக்கு நோபல் கிடைத்தது. இந்த மாற்றத்தைப் பற்றி விரிவாக எழுதியவர்களில் நம் பெங்களூரு சி.என்.ஆர். ராவ் ஒருவர், ஆங்கிலேயர் பீட்டர் எட்வர்ட்ஸுடன் சேர்ந்து உலோக நிலையையும் உலோகமல்லா நிலையையும் பற்றி 1985-இல் ஒரு நூலைத் தொகுத்தார். அந்த எட்வர்ட்ஸ் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த நீலத்தோடும் வெண்கலத்தோடும் கழித்தவர்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும். கரைசலை மைனஸ் 63 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் அது இரண்டாகப் பிரிகிறது. அடியில் நீலம், மேலே வெண்கலம். இரண்டும் லித்தியமும் அமோனியாவும்தான், விகிதம் மட்டும் வேறு. உலோகம் மேலே மிதக்கிறது, உலோகமல்லாதது அடியில் கிடக்கிறது. நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு.

நாம் போட்ட கணக்கு ஒரு லித்தியத்துக்கு நான்கு அமோனியா. அதுதான் உச்ச வரம்பு. அதற்கு மேல் லித்தியம் கரையாது. இந்த நான்கு என்ற எண் தற்செயல் அல்ல. லித்தியம் அயனிக்கு வெளியே ஒரு வட்டமான எஸ் இடமும் மூன்று பி இடங்களும் காலியாக இருக்கின்றன, ஆக நான்கு. அமோனியாவின் நைட்ரஜனிடம் யாருக்கும் தராத ஓர் எலக்ட்ரான் ஜோடி இருக்கிறது. நான்கு அமோனியாக்கள் நைட்ரஜன் பக்கத்தை உள்ளே திருப்பி, நான்முகியின் நான்கு முனைகளில் நின்று லித்தியத்தைச் சூழ்ந்துகொள்கின்றன. லித்தியத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையே சுமார் இரண்டு ஆங்ஸ்ட்ராம். இந்தக் கரைசலில் சும்மா திரியும் அமோனியா கிட்டத்தட்ட இல்லை. எல்லாம் ஏதோ ஒரு லித்தியத்தின் காவலில் நிற்கின்றன. நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் பார்த்த லண்டன் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதை உறுதி செய்தார்கள்.

அப்படியானால் லித்தியத்தின் சொந்த எலக்ட்ரான் எங்கே போயிற்று? உள்ளே இடமில்லை, நான்கு ஜோடிகள் வந்து அடைத்துக்கொண்டன. அது வெளியே தள்ளப்படுகிறது. நான்கு அமோனியாவுக்குப் பன்னிரண்டு ஹைட்ரஜன். அவை எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து, லேசான நேர்மின்னோடு நிற்கின்றன. அவற்றின் மேல் போர்த்தியது போல எலக்ட்ரான் பரவிக் கிடக்கிறது. பக்கத்துத் தொகுதியின் எலக்ட்ரானும் அப்படியே. இரண்டு போர்வைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, அதன் பக்கத்தது, அதன் பக்கத்தது என்று திரவம் முழுக்கத் தொடர்கிறது. எந்த லித்தியமும் எந்த லித்தியத்தையும் தொடவில்லை, இருந்தும் உலோகம். ஈவா ஸூரெக், எட்வர்ட்ஸ், ராவல்ட் ஹாஃப்மன் மூவரும் 2009-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை இந்தச் சித்திரத்தைத்தான் கணக்குப் போட்டுக் காட்டியது.

இப்படிப் பார்த்தால் லித்தியமும் நான்கு அமோனியாவும் சேர்ந்த தொகுதி ஒரு பெரிய அணு மாதிரி. அதுவும் கார உலோக அணு மாதிரி: வெளியே ஒரே ஓர் எலக்ட்ரான். தனிம வரிசை அட்டவணையில் லித்தியத்திலிருந்து கீழே இறங்குங்கள். லித்தியம் உருகுவது 180 டிகிரியில், சோடியம் 98-இல், பொட்டாசியம் 63-இல், ருபிடியம் 39-இல், சீசியம் 28-இல். அணு பெருக்கப் பெருக்க எலக்ட்ரான்கள் விலகி விலகி நிற்கின்றன, பிணைப்பு தளர்கிறது. நம் பெரிய அணுவை இந்த வரிசையின் கடைசியில் வைத்தால் எவ்வளவில் உருக வேண்டும்? உண்மையில் உருகுவது மைனஸ் 184 டிகிரியில், அதாவது 89 கெல்வினில். ஆக்சிஜன் கொதிக்கும் வெப்பநிலை கிட்டத்தட்ட அதுதான். பாதரசமே மைனஸ் 39-இல் உறைந்துவிடும். தெரிந்த உலோகங்களில் இத்தனை குளிரிலும் திரவமாக நிற்பது வேறில்லை.

எலக்ட்ரான் நெருக்கத்திலும் அதே வரிசைதான். உலோக லித்தியத்தில் நூறு வெளி எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் சீசியத்தில் 19 இருக்கும். இந்தச் சேர்மத்தில் எட்டோ ஒன்பதோ. இவ்வளவு சொற்பமான எலக்ட்ரான்களை வைத்துக்கொண்டு உலோகமாக நிற்பதே பெரிய விஷயம்.

திரவத்தை 89 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோனால் படிகமாகிறது. அதன் உள்ளமைப்பைப் பார்க்க 1968-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மம்மானோவும் சியென்கோவும் எக்ஸ் கதிரைப் பயன்படுத்தினார்கள். எக்ஸ் கதிருக்குத் தெரிவது எலக்ட்ரான் கூட்டம்தான். ஹைட்ரஜனைச் சுற்றி ஒன்று, லித்தியம் அயனியைச் சுற்றி இரண்டு. நைட்ரஜனுக்கு முன்னால் இரண்டும் ஏழைகள், சரியாகத் தெரியாது. நியூட்ரானோ அணுக்கருவைப் பார்க்கிறது, அதனால் இங்கே அதுதான் சரியான கருவி. அதிலும் இரண்டு இடைஞ்சல். சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரானைக் கண்டபடி சிதறடித்துப் படத்தைக் கலங்கலாக்கும். இயற்கை லித்தியத்தில் ஏழரை விழுக்காட்டளவு இருக்கும் லித்தியம்-6 நியூட்ரானை விழுங்கிவிடும். ஆகவே ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம், கலப்பு லித்தியத்துக்குப் பதில் லித்தியம்-7 என்று தேர்ந்தெடுத்து அதே சேர்மத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது. 1989-இல் யங், கிளவுன்சிங்கர், வான் ட்ரீல் மூவரும் நியூட்ரானைக் கொண்டு 82 கெல்வினுக்குக் கீழுள்ள அமைப்பை விரித்துக் காட்டினார்கள். சுமார் 15 ஆங்ஸ்ட்ராம் பக்கமுள்ள ஒரு கனசதுரம், அதற்குள் 16 தொகுதிகள். ஒரு கட்டத்துக்குள் 16 லித்தியமும் 64 அமோனியாவும் என்றால், சோடியம் போன்ற எளிய உலோகத்தின் இரண்டே அணு உள்ள கட்டத்தோடு ஒப்பிட எவ்வளவு சிக்கல் என்று பாருங்கள். எலக்ட்ரான்கள் எளிமையாக நடந்துகொள்கின்றன, கூடு மட்டும் இத்தனை நுணுக்கம். 82-க்கும் 89-க்கும் இடையே அமைப்பு வேறு. ஏழே டிகிரி வாழும் ஓர் உலோக நிலை!

மறுபடியும் கடத்துதிறனுக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் நம்மூர்க்காரர் ஒருவரின் கை இருக்கிறது. பாதரசத்தில் ஒரு கன சென்டிமீட்டரில் இருக்கும் சுதந்திர எலக்ட்ரான்களில் இருபதில் ஒரு பங்குதான் இந்தத் திரவத்தில் உண்டு. அப்படியிருந்தும் பாதரசத்தை முந்துகிறது. காரணம், இதில் ஓர் எலக்ட்ரான் எதிலும் முட்டாமல் சராசரியாக 75 ஆங்ஸ்ட்ராம் போகிறது. பாதரசத்தில் ஏழு போனாலே அதிகம். திரவத்தில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்க, எலக்ட்ரான் எதில் முட்டும், எதில் முட்டாது என்பதை எப்படிக் கணக்கிடுவது? 1945-இல் அலகாபாத்தில் பேராசிரியராக இருந்த கே.எஸ். கிருஷ்ணன், ஏ.பி. பாட்டியாவுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். விருதுநகர்ப் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்தவர் கிருஷ்ணன்; கல்கத்தாவில் ராமனுடன் சேர்ந்து திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தவர். எலக்ட்ரானும் அலைதானே, ஒளியும் எக்ஸ் கதிரும் திரவத்தில் சிதறுவது போலவே அதுவும் சிதற வேண்டும், ஆகவே திரவத்தின் எக்ஸ் கதிர்ப் படத்திலிருந்தே அதன் மின்தடையைக் கணக்கிடலாம் என்பது அவர்கள் யோசனை. ஜான் ஸைமன் 1961-இல் இதே பாதையில் முழுக் கோட்பாட்டைக் கட்டினார். நீல் ஆஷ்கிராஃப்டும் ருஸ்ஸகாஃபும் 1970-இல் அந்தக் கோட்பாட்டை அமோனியா உலோகக் கரைசலுக்குப் போட்டுப் பார்த்தார்கள். கிருஷ்ணனின் யோசனை கடைசியில் தொட்ட இடங்களில் இது ஒன்று. இங்கே எலக்ட்ரான் அலையின் நீளம் சுமார் 13 ஆங்ஸ்ட்ராம். தொகுதிகளுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன மேடு பள்ளங்களை அவ்வளவு நீண்ட அலை பொருட்படுத்துவதில்லை. எலக்ட்ரான் குறைவாக இருப்பதே இங்கே ஆதாயமாகிறது.

இத்தனை வினோதமான பொருளைச் சுற்றி வதந்தி இல்லாமல் இருக்குமா? 1946-இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஆக் என்ற வேதியியலர், சோடியம் அமோனியாக் கரைசலைச் சட்டென்று உறையவைத்தால் மைனஸ் 90 டிகிரியை ஒட்டி மின்தடையே இல்லாமல் போகிறது என்று அறிவித்தார். அன்று தெரிந்திருந்த மீக்கடத்திகள் எல்லாம் 20 கெல்வினுக்குள் முடங்கிக் கிடந்தன. இவர் சொன்னது 180 கெல்வினைத் தாண்டியது. பல ஆய்வகங்கள் உடனே இறங்கின. பெரும்பாலோர் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை, விஷயம் அமுங்கிப் போயிற்று. உறையும்போது நீலமும் வெண்கலமும் பிரிந்து மெல்லிய இழைகளாகச் சிக்கிக்கொள்ளும், அந்த இழைகளைத்தான் அவர் அளந்திருப்பார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஆக் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நகர்கின்றன என்றார். மீக்கடத்தலுக்கு எலக்ட்ரான் ஜோடிதான் அடிப்படை என்று பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் கோட்பாடு 1957-இல் நிறுவியது. சோதனை நிற்காவிட்டாலும் ஊகத்தில் ஆக் பதினோரு வருடம் முந்திவிட்டார்.

நீலம் எந்தப் புள்ளியில் உலோகமாகிறது என்ற கேள்விக்கு நேரடிச் சாட்சி 2020-இல்தான் கிடைத்தது. ப்ராகைச் சேர்ந்த பாவெல் யுங்விர்த்தும் கூட்டாளிகளும் இந்தக் கரைசலை முடியைவிட மெல்லிய தாரையாக வெற்றிடத்தில் பீய்ச்சி, அதன்மேல் எக்ஸ் கதிரை அடித்து, தெறித்து வரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தார்கள். அமோனியாவை வெற்றிடத்தில் ஊற்றுவது எத்தனை கஷ்டம் என்பதைக் கம்ப்ரசர் ரூமில் வேலை செய்தவர்களிடம் கேட்டால் தெரியும், கணத்தில் ஆவியாகிவிடும், அதனால்தான் தாரை. நீர்த்த கரைசலில் குழிக்குள் கட்டுண்ட எலக்ட்ரானின் ஒற்றை முகடு தெரிந்தது. செறிவு கூடக் கூட அந்த முகட்டின் ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டுப்பட்டது. உலோகங்களுக்கே உரிய ஃபெர்மி விளிம்பு அது. மாற்றம் ஒரே அடியில் நிகழவில்லை, படிப்படியாக நடந்தது. மாட் சொன்ன திடீர் விடுதலையை இங்கே அப்படியே பொருத்த முடியாது. அடுத்த ஆண்டு அதே குழு சோடியம் பொட்டாசியக் கலவைத் துளியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படியவிட்டு, தண்ணீரே சில நொடி பொன்னிற உலோகமாக நிற்பதைக் காட்டியது.

இந்தத் திரவம் நிரந்தரமானதல்ல. எலக்ட்ரான் என்றாவது ஒருநாள் அமோனியாவைத் தாக்கி ஹைட்ரஜனைப் பிரித்துவிடும். பிறகு மிஞ்சுவது வெள்ளையான லித்தியம் அமைடு. இரும்புத் துருவில் ஒரு துணுக்கு விழுந்தால்கூட அந்த நாள் உடனே வந்துவிடும். சுத்தமான கண்ணாடியில், குளிரில், காற்றில்லாமல் வைத்தால் நெடுநாள் தாங்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற ஆய்வு இல்லை இது. ஆனால் அந்த எலக்ட்ரான்களின் பசியை வேலைக்குப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆர்தர் பர்ச் 1944-இல் அமோனியாவில் கரைந்த சோடியத்தைக் கொண்டு பென்சீன் வளையத்தில் ஓரளவு மட்டும் ஹைட்ரஜன் ஏற்றும் வழியைக் கண்டார், பின்னால் லித்தியமும் அந்த வேலைக்கு வந்தது. ஹார்மோன் மருந்துகளின் வேதியியலில் அதற்கு முக்கிய இடமுண்டு.

இன்னொரு பயன் எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுகிறது. இரும்பும் செலீனியமும் சேர்ந்த இரும்பு செலினைடு அடுக்கடுக்கான பொருள், 8.5 கெல்வினில் மீக்கடத்தியாகும். 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சைமன் கிளார்க்கின் குழு அதை லித்தியம் அமோனியாக் கரைசலில் போட்டது. அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் புகுந்து உட்கார்ந்தது, மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை 43 கெல்வினுக்கு ஏறியது. லித்தியம் தனியாகப் போகவில்லை, அமோனியாவையும் அதிலிருந்து பிறந்த அமைடையும் கூட்டிக்கொண்டு போய் அடுக்குகளை விலக்கிப் பிடித்திருக்கிறது. அதைக் காட்டியதும் டியூட்டீரியம் ஏற்றிய மாதிரியின் மேல் பாய்ந்த நியூட்ரான் கற்றைதான்.